எண்ணெய் திரும்பும் வழி

அந்தமானின் கராச்சர்மாவுக்கு விவசாயம் பற்றி எழுத வருகிறவர்கள் நேராக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்விடுவார்கள். 1978-இல் தொடங்கப்பட்ட, இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் என்று அழைக்கப்படும் அந்த நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. நான் தேடிப் போனது ஒரு டிராக்டர் பட்டறையை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, சுவரில் அளவுவாரியாகத் தொங்கும் ஸ்பானர்கள். மெக்கானிக் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். உதவியாளர் ராஞ்சியிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்தவர். அவர்களுக்குள் பேச்சு இந்தியில் தொடங்கித் தமிழில் முடியும்.

நடுவில் நின்றது 24 குதிரைத்திறன் டிராக்டர். பாக்குமர வரிசைகளுக்குள் நுழைந்து திரும்பக்கூடிய சின்ன வண்டி. சொந்தக்காரர் குப்தாபாராவில் தோட்டம் வைத்திருக்கும் வங்காளி விவசாயி. பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘தாதா’. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும் தீவு இது. வடிகால் வாய்க்காலைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு இடமும் வலமும் சாயும் பின் பிளேடு ஒன்று வாங்கியிருக்கிறார். தேங்காய் ஏற்ற ஒரு டிப்பர் டிரெய்லரும் உண்டு. ஆனால் வண்டியின் பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் மட்டும்தான். வெளியே எண்ணெய் எடுக்கும் வாய் கிடையாது.

டிரெய்லருக்கு ஒரு ஹோஸ் போதும். எண்ணெய் தூக்கும், இறக்குவதைப் பாரமே பார்த்துக்கொள்ளும். பிளேடைத் திருப்ப இரண்டு ஹோஸ் வேண்டும், இரண்டு பக்கமும் தள்ளியாக வேண்டுமே. ஆகவே லிவர் வைத்த டபுள் ஆக்டிங் வால்வு ஒன்று, பின்னால் ஹோஸ் மாட்ட இரண்டு கப்ளர். கேட்பதற்குச் சின்ன வேலை.

மெக்கானிக் ஸ்பானரைத் தொடவில்லை. பழைய டைரியில் படம் போட ஆரம்பித்தார். பம்ப், புது வால்வு, லிஃப்ட், கீழே எண்ணெய்த் தொட்டி. “பம்ப் நிற்கவே நிற்காது சார். இன்ஜின் ஓடுகிற வரைக்கும் எண்ணெய் ஓடிக்கிட்டேதான் இருக்கும். நாம குறுக்கே நிற்கப் போறோம். எங்கே வாங்கி, எங்கே விடுறோம்னு தெரியணும்.”

வால்வில் மூன்று முக்கியமான வாய்கள். பம்பிலிருந்து எண்ணெய் வரும் வாய் ஒன்று. வேலை முடிந்த எண்ணெய் தொட்டிக்குப் போகும் வாய் ஒன்று. லிவர் நடுவில் இருக்கும்போது எண்ணெயை அப்படியே லிஃப்டுக்கு அனுப்பும் ‘கேரி ஓவர்’ வாய் மூன்றாவது. தொட்டிக்குப் போக வேண்டிய வாயிலிருந்தே லிஃப்டுக்குக் குழாய் இழுத்தாலும் வண்டி ஓடும், லிஃப்டும் தூக்கும். ஆனால் லிஃப்ட் பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முழு அழுத்தமும் வால்வின் திரும்பு பாதையில் ஏறும். அந்தப் பாதை அதற்காக வார்க்கப்பட்டதல்ல. சீல் பிதுங்கும், சில சமயம் வார்ப்பே வெடிக்கும்.

அதைத் தடுப்பது விரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்பு ஸ்லீவ். வால்வின் பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிய ஸ்லீவை உதவியாளர் மரையேற்றினார். உள்ளே இரண்டு பாதைகளையும் பிரிப்பது அதுதான். மெக்கானிக் ஒரு வாயில் ஊதி, இன்னொரு வாயில் கை வைத்துப் பார்த்தார். காற்று வரவில்லை. அதன்பிறகுதான் வால்வு வண்டிக்குப் போனது.

அடுத்தது மரை. 3/8 பி.எஸ்.பி. மரையின் வெளிவிட்டம் 16.66 மி.மீ. எம்.16 மரைக்கு 16 மி.மீ. ஒன்றுக்குள் மற்றொன்று தொளதொளவென்று ஒன்றிரண்டு சுற்று ஏறிவிடும். அவசரக்காரன் ஸ்பானர் போட்டு இறுக்கினால் பம்பின் வாயே பாழ். உதவியாளர் வெர்னியரில் அளந்தார், மரை கேஜை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பல்லுக்குப் பல் பொருந்துகிறதா என்று பார்த்தார். இணைப்பில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் டௌட்டி வாஷர்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்திருந்தார்கள். சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 1,360 கி.மீ. கப்பல் வர மூன்று நாள், அதுவும் கடல் ஒத்துழைத்தால். தமிழ்நாட்டில் பஸ் ஏறிப்போய் வாங்கிவரும் வாஷர், இங்கே ஒரு வண்டியை ஒரு வாரம் நிறுத்திவைக்கும்.

சக்தி எவ்வளவு என்பதையும் மெக்கானிக் டைரியிலேயே கணக்குப் போட்டார். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் அரசு நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து வெளியிடும் அறிக்கைகளில் பம்ப் தரும் எண்ணெய் அளவும் ரிலீஃப் வால்வின் அழுத்தமும் இருக்கும். பல பட்டறைகள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இவர் பார்க்கிறார். பிளேடைத் திருப்பும் 50 மி.மீ. சிலிண்டரில் 150 பார் அழுத்தம் என்றால் கிட்டத்தட்ட மூன்று டன் தள்ளு. நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்தால், 300 மி.மீ. நீளும் அந்த சிலிண்டர் இரண்டு வினாடிக்குள் முழுதும் நீண்டுவிடும். பக்கத்தில் ஆள் நின்றால் காலை எடுக்க நேரம் இருக்காது. அதனால் ஹோஸ் வழியில் எண்ணெயைக் குறுக்கிவிடும் சின்னத் தடுப்பொன்றைப் போட்டார். தாதா கேட்ட வேலையில் அது இல்லை.

ஓட்டிப் பார்க்கும் நேரம் வந்தது. உதவியாளரின் கை கசிவைத் தேடி ஹோஸ் பக்கம் நீண்டதும் மெக்கானிக் குரலை உயர்த்தினார்: “கையை எடு தம்பி!” ஊசிமுனைத் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி முதலில் பெரிதாகத் தெரியாது. அறுவை சிகிச்சை தாமதமானால் விரலே போகும். ஒரு அட்டைத்துண்டை நீளமான குச்சியில் சொருகி, ஹோஸ் நெடுக நகர்த்தினார்கள். அட்டை காய்ந்தே இருந்தது.

பிளேடு இடமும் வலமும் மெதுவாகச் சாய்ந்தது. டிரெய்லர் முழுதும் எழுந்து நின்றபோது தொட்டியில் எண்ணெய் மட்டம் இறங்கியிருந்தது. சிலிண்டருக்குள் இரண்டு லிட்டருக்குமேல் போயிருக்கும். இந்த வண்டியில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய். மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். டிரெய்லரை இறக்கிவைத்த நிலையில்தான் அளவுக்கோலைப் பார்க்க வேண்டும் என்று தாதாவுக்கு இந்தியில் இரண்டு முறை சொன்னார். கப்ளர் மூடிகளைக் கழற்றி எறியக் கூடாது என்பதும் சேர்ந்தது. உப்புக்காற்றில் கப்ளர் சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தத் துரு நேரே கியர்பாக்ஸுக்குத்தான் போகும்.

பில் எழுதினார்கள். வால்வு, ஹோஸ், கப்ளர், வாஷர், எண்ணெய், கடைசி வரியில் கூலி. பொருள்களின் விலையைத் தாதா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். பேரம் கூலியில்தான். “நாலு நட்டை முடுக்கினதுக்கா இவ்வளவு?” மெக்கானிக் சிரித்துக்கொண்டே கொஞ்சம் குறைத்தார்.

தாதாவைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிந்தது நட்டு முடுக்கியது மட்டும்தான். எண்ணெயின் பாதையை வரைந்தது, காற்றை ஊதிப் பார்த்தது, வேகத்தைக் கணக்கிட்டு மட்டுப்படுத்தியது எதுவும் பில்லில் வரி பெறவில்லை. ஆனால் அந்த வண்டி வெடிக்காமல் ஓடப்போவது அவற்றால்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் உடம்புக்குக் கூலி உண்டு, பொருளுக்கு விலை உண்டு. யோசனைக்குத் தனி வரி கிடையாது. நன்றாக யோசிக்கிற மெக்கானிக்கும் நேரே ஸ்பானர் எடுக்கிறவரும் ஒரே கூலி வாங்கினால், பையன்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

“அடுத்த பில்லில் ‘படம் போட்டது’ என்று ஒரு வரி எழுதுங்களேன் அண்ணே” என்றேன்.

“எழுதலாம் சார். அதுக்கு யாரு காசு கொடுப்பா?” என்றார், டைரியில் வண்டியின் மாடலையும் தேதியையும் குறித்துக்கொண்டே. அதே மாடல் வண்டி அடுத்து வரும்போது இவ்வளவு நேரம் ஆகாது. அதற்கும் கூலி குறைவாகத்தான் கேட்பார்கள்.