எங்கள் பேஸ்மென்ற் சிலந்திப் புராணம்

ஸ்காபரோவில் வளர்ந்த எங்களில் பலருக்கு முதல் வீடு யாரோ ஒருவருடைய பேஸ்மென்ற்தான். நானும் அப்படித்தான். இப்போது சொந்த வீடு. மேலே நாங்கள், கீழே பேஸ்மென்றில் அம்மா.

போன செப்டெம்பரில் ஃபேர்னஸ் மூலையில் ஒரு சிலந்தி குடிவந்தது. ஆறு வயது மகளின் கணக்கில் அது சோத்துக் கோப்பை அளவு. மனைவியின் கணக்கில் சோசர் அளவு. நான் என்ஜினியர் இல்லையா, ரூலரோடு போனேன். கால்களையும் சேர்த்து ஐந்து சென்ரிமீற்றர்கூட வராது. மூலையில் பாய் விரித்த மாதிரி வலை பின்னுகிற வீட்டுச் சிலந்தி. மனிதரோடு கப்பலேறி ஐரோப்பாவிலிருந்து வந்து, இங்கே வீடுகளில் தங்கிவிட்ட இனம். அதுவும் பேஸ்மென்றில்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது, பாவம்.

ஆனால் மகள் படி இறங்க மறுத்துவிட்டாள். உண்மையான பிரச்சினை அதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பம்மாவோடு இருக்கிற அந்த ஒரு மணித்தியாலம்தான் அவள் தமிழ் கதைக்கிற நேரம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மேலே ஏறி வருவது கஷ்டம். இரண்டு கிழமை போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஃபொயிலில் சுற்றிய ரோல்ஸ் மட்டும் ஒவ்வொரு நாளும் படியில் இருக்கும், அவவால் ஏற முடிந்த மூன்றாவது படியில்.

ஒரு சனிக்கிழமை வக்யூமைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"தம்பி, அந்தத் தும்பிக்கையைக் கீழ வை" என்றா அம்மா. "திருவானைக்காக் கதை தெரியாதே உனக்கு?"

எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். திருச்சிக்குப் பக்கத்தில், நாவல் மரத்தடியில் சிவலிங்கம். சருகு விழாமல் இருக்க ஒரு சிலந்தி மேலே பந்தல் மாதிரி வலை பின்னுகிறது. தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற யானை அதைக் குப்பை என்று நினைத்துப் பிய்த்து எறிகிறது. சிலந்தி திரும்பப் பின்ன, யானை திரும்பப் பிய்க்க, கடைசியில் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடித்துவிடுகிறது. இரண்டும் செத்துப்போகின்றன.

படியின் உச்சியிலிருந்து ஒரு குரல், ஆங்கிலத்தில்: பிறகு என்ன நடந்தது?

"எனக்குக் காது கேக்கேல்ல பிள்ளை. ரெண்டு படி இறங்கி வந்து தமிழில கேள்."

இரண்டு படி இறங்கினாள். சிலந்தி சோழ அரசியின் வயிற்றில் பிள்ளையாகிறது. நல்ல நேரத்துக்காகப் பிரசவத்தைத் தள்ளிப்போட, அரசி தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொல்கிறாள். இன்னும் இரண்டு படி. பிள்ளை சிவந்த கண்ணோடு பிறக்கிறது. அதுதான் கோச்செங்கட் சோழன். அவன் பழைய கோபத்தை மறக்காமல், யானை ஏற முடியாத மாதிரி உயர்த்திக் கட்டியவைதான் மாடக்கோயில்கள், எழுபதுக்கும் மேல். இன்னும் இரண்டு படி.

கதை முடிய, பிள்ளை அம்மாவின் மடியில் இருந்தாள். வக்யூம் குழாய் எட்டாத ஃபேர்னஸ் மூலைதான் எங்கள் வீட்டு மாடக்கோயில் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பிறகு புராணம் தன்பாட்டில் வளர்ந்தது. அவ பெயர் ஃபேர்னஸ் நாச்சியார். மாரிகாலத்தில் சூட்டுக்குப் பக்கத்தில் தவம் இருப்பா. ட்ரையரில் காணாமல் போகிற ஒற்றைச் சொக்ஸ் எல்லாம் அவவுக்குத்தான், எட்டுக் கால் அல்லவா? வைஃபை நின்றால் நாச்சியார் வலை மாற்றிப் பின்னுகிறா. இந்தக் கடைசி விளக்கம் இன்ரநெற் கொம்பனி தருகிற விளக்கத்தைவிட நம்பக்கூடியது.

"உதெல்லாம் ஒரு சிலந்தியே? வன்னியில பாத்திருக்க வேணும்" என்றா அம்மா ஒருநாள். இதுவும் புராணம் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் உண்மை. மாங்குளம், மன்னார்ப் பக்கம் காணப்பட்ட ஒரு சிலந்தியைப் புது இனம் என்று அறிவித்திருக்கிறார்கள். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை. மரத்தில் வாழ்வது, மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டொக்ரர் விடுதியிலும் கண்டிருக்கிறார்கள். மகளின் சோத்துக் கோப்பை பொய்யில்லை, ஊர்தான் வேறு.

யூலையில் ஒட்டாவா போனோம். கனடா தேசியக் கலைக்கூட வாசலில் 2005 முதல் ஒரு வெண்கலச் சிலந்தி நிற்கிறது, 9 மீற்றருக்கும் மேல் உயரம். செய்தவர் லூயிஸ் பூர்ஷுவா. பெயர் 'மமோன்', பிரெஞ்சில் 'அம்மா'. பழைய திரைச்சீலைகளைத் திருத்தி நெய்த தன் தாயை நினைத்துச் செய்தாராம். வயிற்றடியில் சளிங்கு முட்டைகளைச் சுமக்கிறது.

பயப்படுவாள் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு நேரே அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, இதுக்கு எவ்வளவு பெரிய சொக்ஸ் வேணும்?" முழு வசனம், தமிழில்.

பிறகு என் போனைப் பறித்து அப்பம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தா.

"நல்லா வளந்திட்டா. அந்தப் பக்கம் வக்யூமைக் கொண்டு போக வேண்டாமெண்டு அப்பாட்டச் சொல்லு."