"அங்க எதையும் தொட்டுடாதீங்கடி!" - கார்ன்வால் கடற்கரையில் ஒரு மந்திர மியூசியம்

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று வாட்ஸ்அப் காலில் கேட்டார் அம்மா. "விட்ச்கிராஃப்ட் மியூசியத்துக்கு" என்றாள் அக்கா. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. "அங்க எதையும் தொட்டுடாதீங்கடி. வந்ததும் தலைக்குக் குளிச்சுடுங்க."

அக்கா இங்கிலாந்தின் பிளைமவுத் நகரத்தில் நர்ஸ். போன அக்டோபரில் லீவு போட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். லண்டன் பார்க்க ஆசை, பட்ஜெட் இடிக்கிறது. பக்கத்தில் எங்கேயாவது கூட்டிப் போ என்றேன். "போஸ்காசில் போலாம். என் வார்டுல ஒருத்தங்க ரொம்ப நாளா கூப்பிடுறாங்க" என்றாள்.

அந்த ஒருத்தர் பின் சீட்டில் ஏறினார். ஐம்பதைத் தாண்டிய வயது, நரைத்த குட்டை முடி, மழைக்கோட்டு. "இவங்க விக்கா" என்று அக்கா அறிமுகப்படுத்தினாள், "இவங்க திருநெல்வேலி" என்பதுபோல சர்வசாதாரணமாக. நான் திரும்பி ஒருமுறை நன்றாகப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், கறுப்புத் தொப்பியைத்தான் என் கண் தேடியது.

கார்ன்வாலின் கிராமத்துச் சாலைகளில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர்வேலி. எதிரில் டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். அப்படி நாலு முறை ரிவர்ஸ் எடுத்த பிறகு, இரண்டு குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஒளிந்துகொண்டிருந்தது போஸ்காசில். கடல், பாறைகளுக்குள் 'எஸ்' எழுத்துபோல வளைந்து ஊருக்குள் வருகிறது. துறைமுகத்தின் கல் தடுப்பு 1584-ல் கட்டியது. இவ்வளவு குறுகலான வாசலில் பாய்மரக் கப்பல்களை எப்படித்தான் உள்ளே இழுத்தார்களோ!

ஊர் நடுவே வேலன்சி என்ற சிற்றாறு, கணுக்கால் அளவுத் தண்ணீரோடு ஓடுகிறது. இதுவா அது என்று நம்ப முடியவில்லை. 2004 ஆகஸ்ட் 16 அன்று சில மணி நேர மழையில் இந்த ஆறுதான் ஊரைப் புரட்டிப்போட்டது. கார்கள் வரிசையாகக் கடலுக்குள் போயின. கூரை மேலும் மரத்தின் மேலும் தவித்தவர்களை ஹெலிகாப்டர்கள் தூக்கின. சுமார் நூறு பேர். ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆற்றங்கரையிலேயே இருக்கும் மியூசியத்தின் கீழ்த்தளம் சேறாகிவிட்டது. "சூனியக்காரிகளின் மியூசியம் என்பதால் வந்த வெள்ளம்னு யாராவது சொல்லியிருப்பாங்களே?" என்றேன். "நல்ல மந்திரம் இருந்ததாலதான் யாரும் சாகலைன்னு சொன்னவங்களும் உண்டு" என்று சிரித்தார் அந்த அம்மா. இனி அவரை அக்காவின் தோழி என்றே சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்பது கடைசியில்.

மஸ்கெலியா போன மந்திரவாதி

வெள்ளையடித்த பழைய கட்டடம். உள்ளே வெளிச்சம் குறைவு, கூரை தாழ்வு. இதை ஆரம்பித்தவர் சிசில் வில்லியம்சன். முதலில் 1951-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் திறந்தார். பிறகு ஊர் ஊராக மாறி, சில இடங்களில் உள்ளூர்க்காரர்களின் எதிர்ப்பையும் சம்பாதித்து, 1960-ல் இங்கே வந்து சேர்ந்தார். 1996-ல் அடுத்தவருக்கு விற்றபோது கைமாறிய நேரம், ஹாலோவீன் நள்ளிரவு. விளம்பரம் தெரிந்த மனிதர்!

ஏன் 1951? இங்கிலாந்தில் 1735-ம் ஆண்டின் மாந்திரீகச் சட்டம் ரத்தானது அந்த வருடம்தான். அதற்குப் பிறகுதான் "நான் ஒரு விட்ச்" என்று ஒருவர் பயமில்லாமல் வெளியே வந்து பேச முடிந்தது. அப்படிப் பேசியவர் ஜெரால்டு கார்டனர். வில்லியம்சனின் மியூசியத்தில் 'இங்கேயே தங்கியிருக்கும் விட்ச்' என்ற பட்டத்தோடு இருந்தவர். அவருடைய கதையைப் படித்துக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 1884-ல் பிறந்த இந்த ஆஸ்துமாக்காரப் பையன், 16 வயதில் கப்பலேறிப் போன இடம் இலங்கை. மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டம். நம் ஊர்களிலிருந்து போன குடும்பங்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அதே மலை. பிறகு மலாயாவில் ரப்பர், சுங்க இலாகா. அங்கே கிரிஸ் கத்திகள்மேல் பைத்தியமாகி அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1936-ல் ஊர் திரும்பியவர், 1939-ல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு ரகசியக் குழு தனக்குத் தீட்சை கொடுத்தது என்றார். 1954-ல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகம். இன்று 'விக்கா' என்று சொல்லப்படும் மதத்தின் வேர் இதுதான்.

'கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஆதி மதம், ரகசியமாகத் தப்பிப் பிழைத்து என்னிடம் வந்தது' என்பது கார்டனரின் வாதம். வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. பழைய துண்டுகளைச் சேர்த்து இருபதாம் நூற்றாண்டில் தைத்த புதுச் சட்டை என்கிறார்கள். அக்காவின் தோழிக்கு இதில் வருத்தமே இல்லை. "என் பாட்டியோட நகைதான் வேணும்னு இல்ல. நான் வாங்கினதும் நகைதான்" என்றார்.

கத்தி இருக்கும், வெட்டாது

அடுத்த அறையில் கறுப்புக் கைப்பிடி போட்ட கத்திகள். எனக்கு நெஞ்சு லேசாக அடித்துக்கொண்டது. "இதுக்குப் பேர் அதாமே. இதால ஒரு தக்காளியைக்கூட வெட்ட மாட்டோம்" என்றார். பிறகு எதற்கு? வட்டம் போட.

விக்காவில் கோயில் கிடையாது. வீட்டு ஹாலோ, தோட்டமோ, கடற்கரையோ, நிற்கிற இடத்தில் ஒரு வட்டம் வரைந்தால் அதுதான் கோயில். அதாமேயை நீட்டியபடி மனதால் வரைகிறார்கள். பிறகு நாலு திசைகளை அழைக்கிறார்கள். கிழக்கு காற்றுக்கு, தெற்கு நெருப்புக்கு, மேற்கு நீருக்கு, வடக்கு நிலத்துக்கு. ஐந்தாவதாக ஆன்மா. "நாங்க ஐந்தாவதா ஆகாயம்னு சொல்லுவோம்" என்றேன். ஐந்து முனை நட்சத்திரத்தின் ஐந்து முனையும் இந்த ஐந்துதான். நட்சத்திரம் மட்டும் இருந்தால் பெண்டகிராம், அதைச் சுற்றி வட்டம் போட்டுத் தகட்டிலோ டாலரிலோ பொறித்தால் பெண்டக்கிள். சினிமாவில் இதைக் காட்டினால் அடுத்த காட்சியில் பிசாசு வரும். ஆனால், விக்கா நம்பிக்கையில் சாத்தானே கிடையாது. ஒரு தேவி, கொம்பு வைத்த ஒரு தேவன், அவ்வளவுதான். அந்தக் கொம்பால்தான் குழப்பம்.

வட்டத்துக்குள் கடிகாரம் சுற்றும் பக்கமாக நடந்தால் டியோசில், எதிர்ப்பக்கம் விடர்ஷின்ஸ். வலம் வருவதற்கும் இடம் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சடங்கு முடிந்ததும் கேக்கும் ஒயினும். கூடிக் கும்பிடும் குழுவுக்கு கவன் என்று பெயர், அதில் மூன்று படிநிலைகள், தீட்சைகள். பௌர்ணமிக்குக் கூடுவது எஸ்பட். வருடத்துக்கு எட்டுப் பெரிய பண்டிகைகள், அவை சபட். குளிர்கால உச்சத்தில் வரும் யூல், மே மாதம் பிறக்கும்போது பெல்டேன், ஆகஸ்ட்டில் முதல் அறுவடைக்கு லாமாஸ் என்று சூரியனையும் பயிரையும் ஒட்டி ஓடும் சக்கரம். அக்டோபர் கடைசியில் வருவதை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது ஒரு மாதிரி. நான் எழுத்துக்கூட்டி 'சம்ஹைன்' என்று படித்து அசிங்கப்பட்டேன். 'சாவின்' என்று சொல்ல வேண்டுமாம். செத்தவர்களை நினைக்கும் நாள். தமிழ்க் காதுக்கு அந்த உச்சரிப்பு எவ்வளவு பொருத்தம் என்று அக்கா விளக்கியபோது தோழி விழுந்து விழுந்து சிரித்தார்.

இவர் கவனில் இல்லை. தனியாகச் செய்பவர், சாலிட்டரி. வெள்ளை மெழுகுவத்தி, ஒரு கிண்ணம் உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். சடங்குகளை எழுதிவைக்கும் நோட்டுக்கு 'புக் ஆஃப் ஷேடோஸ்' என்று பெரிய பெயர். இவருடையது சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ஸ்பைரல் நோட்டு.

"யாருக்காவது செய்வினை வெச்சிருக்கீங்களா?" கேட்டேவிட்டேன். யாருக்கும் கேடு செய்யாதவரை உன் விருப்பப்படி செய் என்பதுதான் அவர்களுடைய அடிப்படை விதி, ரீட் என்கிறார்கள். நீ அனுப்புவது மூன்று மடங்காக உன்னிடமே திரும்பும் என்று இன்னொரு நம்பிக்கை. "அதனால எனக்குப் பிடிக்காத மேனேஜருக்கும் நல்லதைத்தான் அனுப்புறேன். கஷ்டமாத்தான் இருக்கு" என்றார்.

பாட்டிலுக்குள் ஊசி

மியூசியம் முழுக்க இப்படி நல்ல பிள்ளையாக இல்லை. ஊசி குத்திய துணிப் பொம்மைகள் இருக்கின்றன. பாப்பெட் என்று பெயர். பார்த்ததும் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. விட்ச் பாட்டில் என்று ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில், தனக்கு யாரோ ஏவிவிட்டதாக நம்பியவர்கள், தாடிக்கார முகம் பொறித்த ஜாடியில் தங்கள் சிறுநீர், முடி, வளைத்த ஊசிகளைப் போட்டு மூடி அடுப்படியில் புதைத்தார்கள். ஏவியவருக்கே வலி திரும்புமாம். பழைய வீடுகளை இடிக்கும்போது இன்றும் கிடைக்கின்றன. கடலோரத்தில் முடிச்சுக் கயிறு விற்றார்கள். காற்றை மூன்று முடிச்சில் கட்டி மாலுமிக்குக் கொடுப்பது. ஒரு முடிச்சை அவிழ்த்தால் தென்றல், இரண்டாவதில் நல்ல காற்று, மூன்றாவதில் புயல். இவர்கள் யாரும் விக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போன கிறிஸ்தவர்கள்தான்.

தூக்கிலிடப்பட்டவர்களும் அப்படித்தான். இதே கடற்கரையோரமாக வடக்கே போனால் பிடிஃபோர்டு என்ற ஊர். அங்கே டெம்பரன்ஸ் லாய்டு, சூசன்னா எட்வர்ட்ஸ், மேரி டிரெம்பிள்ஸ் என்ற மூன்று ஏழைப் பெண்கள், அக்கம்பக்கத்தில் ஒருத்திக்கு வந்த நோய்க்குக் காரணம் என்று குற்றம்சாட்டப்பட்டு, 1682-ல் எக்ஸிடர் நகரில் தூக்கிலிடப்பட்டார்கள். மாந்திரீகத்துக்காக இங்கிலாந்தில் கடைசியாகக் கொல்லப்பட்டவர்களில் இவர்களும் அடக்கம். ஐரோப்பா முழுக்க சுமார் 40,000-லிருந்து 60,000 பேர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பெரும்பாலும் பெண்கள்.

இந்த மியூசியத்திலேயே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வருடக்கணக்கில் காட்சிக்கு இருந்தது. போட்மின் சிறையில் செத்துப்போன மந்திரக்காரி என்று சொல்லப்பட்டது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 1998-ல் அதை இறக்கி, ஊருக்கு மேலே இருக்கும் காட்டில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

இங்கே என் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் டெஸ்க்கில் வட மாநிலச் செய்திகளை மொழிபெயர்ப்பது என் வேலை. 'சூனியக்காரி என நினைத்துப் பெண் அடித்துக் கொலை' என்ற தலைப்பை நானே பல தடவை போட்டிருக்கிறேன். க்ளிக் வரும். இதைத் தடுக்க பீகார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும் தனிச் சட்டம் கொண்டுவந்தும் செய்தி வருவது நிற்கவில்லை. அந்தத் தலைப்புகளில் ஒன்றில்கூட செத்தவரின் பெயரை நான் முதல் வார்த்தையாகப் போட்டதில்லை. பிடிஃபோர்டுப் பெண்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தபோது அது ஞாபகம் வந்தது.

"விட்ச்னு சொன்னா உங்க மொழியில என்ன?" என்று கேட்டார் தோழி. 'சூனியக்காரி' என்றேன். அர்த்தம் கேட்டார். சூனியம் என்றால் பூஜ்யம், ஒன்றுமில்லாதது என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேகன்னா லத்தீன்ல பட்டிக்காட்டான். நாங்க அதை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டோம். உங்க வார்த்தையை அப்படி மாட்ட முடியுமா?" என்றார். நான் முடியும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் இன்னும் அடிக்கிறார்கள் என்றேன்.

வெளியே வந்து துறைமுகத்தில் மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம். கடற்காகம் ஒன்று என் சிப்ஸைத் தட்டிக்கொண்டு போனது. எந்தச் சபட்டுக்கான படையலோ தெரியவில்லை.

2021 சென்சஸில் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் தோழி முதல்முறையாக எழுதியது அந்த வருடம்தானாம். "சென்சஸ்ல எழுதினா கவர்மென்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். பேஷன்ட்டுக்குத் தெரிஞ்சா, நான் போடுற ஊசியைப் பார்த்துப் பயந்துட்டா?" என்றார். அம்மாவிடம் சொல்லவே பத்து வருஷம் ஆனதாம்.

அன்று அவருக்கு நைட் டூட்டி. பிளைமவுத் திரும்பியதும் நேராக ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டோம். இறங்கும் முன் கழுத்திலிருந்த பெண்டக்கிளைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, பர்ஸில் போட்டார். "டூட்டியில நகை போடக் கூடாது, எல்லாருக்கும் அதே ரூல்தான்" என்றாள் அக்கா, தன் செயினைத் தொட்டுக் காட்டியபடி. தோழி தலையாட்டினார். பிறகு பர்ஸை ஒருமுறை திறந்து, டிஷ்யூவை இன்னும் அடியில் தள்ளிவிட்டு மூடினார்.

அம்மா மறுபடி அழைத்தார். குளித்தாயிற்றா என்று கேட்டார்.