ஞாபக டெஸ்ட்ல ஃபெயில் ஆனா, நடிக்கிறார்னு அர்த்தமா? (இழை)

1/ பைக்ல இருந்து விழுந்து தலையில அடி. ஆறு மாசம் கழிச்சும் "எல்லாமே மறந்துடுது டாக்டர்"ங்கிறார். நிஜமாவே மறதியா, இல்ல நஷ்ட ஈட்டு கேஸுக்காகவா? அரசு மருத்துவமனையில அடிக்கடி வர்ற கேள்வி இது.

2/ சுகர் எவ்வளவுன்னு மெஷின் சொல்லிடும். ஞாபக சக்தி அப்படி இல்ல. உளவியலாளர் கேட்பார், நோயாளி முழு முயற்சியோட பதில் சொல்லணும். அப்பதான் வர்ற மார்க்குக்கு மதிப்பு. அதனால அந்த முயற்சியை அளக்கவும் தனியா ஒரு டெஸ்ட் வைப்பாங்க.

3/ பார்க்கக் கஷ்டமா இருக்கும், உண்மையில ரொம்ப ஈஸி. அதுதான் சூட்சுமம். கனடா உளவியலாளர் டாம்பா 1996ல கொண்டுவந்த டெஸ்ட்ல 50 சாதாரணப் படங்களை ஒவ்வொண்ணா காட்டுவாங்க. அப்புறம் ரெண்டு ரெண்டா காட்டி "முன்னாடி பார்த்தது எது?"ன்னு கேட்பாங்க. மூளையில நிஜமா அடிபட்டவங்களே பெரும்பாலும் இதை நல்லா செஞ்சிடுவாங்க.

4/ இப்ப கணக்கு. எதுவுமே ஞாபகமில்லாம குருட்டாம்போக்குல கை காட்டினாலும் சுமார் 25 சரியா வரும். 10 மட்டும்தான் சரின்னா? காசு சுண்டுற கணக்குல அது கிட்டத்தட்ட லட்சத்துல ஒரு தடவை. அதாவது, சரியான விடை தெரிஞ்சே தப்பா காட்டுறார்.

5/ ஆனா அப்படி வர்றவங்க குறைவு. சந்தேகத்துக்குரிய மார்க் பெரும்பாலும் நடுவுலதான் நிக்கும். (எங்க கோடு போடுவோம்னு இங்க எழுதமாட்டேன், தெரிஞ்சா டெஸ்டே வீண்.)

6/ அந்த நடு மார்க் சொல்றது ஒண்ணுதான்: இன்னிக்கு எடுத்த ஞாபக டெஸ்ட் செல்லாது. வெறும் வயித்து சுகர் டெஸ்டுக்கு டீ குடிச்சிட்டு வந்த மாதிரி. அதை வச்சு சுகர் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.

7/ காரணம் பணமா மட்டும் இருக்கணும்னு இல்ல. மாத்திரை மயக்கம், டெஸ்ட் எதுக்குன்னே புரியாதது, கடுமையான டிமென்ஷியா. "யாருமே நம்பலையே"ன்னு இருக்கிற கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுறவங்களும் உண்டு. காயமும் நிஜம், கூட்டினதும் நிஜம்.

8/ ஒரு லோடுமேன். ரிப்போர்ட்ல "செல்லாது"ன்னு வந்துச்சு. கேஸ் ஷீட்ல யாரோ "நடிக்கிறார்"னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் தலைவலியைக்கூட யாரும் கேட்கல. "கூலியை எண்ணி வாங்கத் தெரியல சார், இதையுமா நடிப்பாரு?"ன்னாங்க மனைவி.

9/ தூக்கம் வர வைக்கிற மாத்திரையைக் குறைச்சு, டெஸ்ட் எதுக்குன்னு பொறுமையா விளக்கி, சில வாரம் கழிச்சு மறுபடி வச்சோம். முயற்சி டெஸ்ட்ல பாஸ். மறதி இருந்துச்சு. அவர் சொன்ன அளவு இல்ல, ஆனா மூட்டை கணக்கு வைக்க முடியாத அளவு இருந்துச்சு. சான்றிதழ்ல அதைத்தான் எழுதினோம்.

10/ "நடிக்கிறார்"ங்கிறது ஒருத்தர் மனசுல இருக்கிற நோக்கத்தைப் பத்தின முடிவு. ஒரு மார்க் அதைச் சொல்லாது. ஒண்ணுக்கு மேல முயற்சி டெஸ்ட், ஸ்கேன், அடிபட்டப்ப எவ்வளவு நேரம் நினைவில்ல, வீட்ல எப்படி இருக்கார், எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

11/ உங்க வீட்ல யாருக்காவது இந்த டெஸ்ட்னா: நல்லா தூங்க வச்சு, கண்ணாடி, மாத்திரைச் சீட்டோட கூட்டிட்டு வாங்க. "மறந்த மாதிரி பண்ணு, பணம் கூட வரும்"னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. நிஜக் காயத்துக்கு வர வேண்டியதும் அதுலயே போயிடும்.