கட்டாக்காலிகளுக்கு ஓர் இல்லம்

வீடற்ற நாய்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் உலகில் தோன்றிய பொழுதே, அதனை எள்ளி நகையாடும் குரலும் உடன் தோன்றிவிட்டது. 1860ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் ஹொலவே என்னும் பகுதியிலே, மேரி ரீல்பி என்ற பெண்மணி பழைய குதிரைலாயம் ஒன்றில் அத்தகைய நிலையமொன்றை அமைத்தார். வழிதவறியனவும் பட்டினியால் வாடுவனவுமாகிய நாய்களுக்குரிய தற்காலிக இல்லம் என்பது அதற்கு அவர் இட்ட பெயர். கணவரைப் பிரிந்து, சகோதரரோடு வாழ்ந்தவர் அவர். தோழியொருத்தி தெருவிலே கண்டெடுத்த, பசியால் இறக்குந் தறுவாயிலிருந்த நாயொன்றே அவரது முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. 'ரைம்ஸ்' பத்திரிகையோ, இவ்வில்லத்தைத் தொடக்கியோர் சித்தந் தெளிந்தவர்தாமா என அதே ஆண்டில் ஐயுற்று எழுதியது.

இவ்வரலாற்றை யான் வகுப்பறையிற் கூறிய பொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "மனிசருக்கே வீடில்லை சேர், நாய்க்கு என்னத்துக்கு வீடு?" எனக் கேட்டான். ஏனைய மாணவர் சிரித்தனர், அவன் சிரிக்கவில்லை. போரினால் இடம்பெயர்ந்து, தகரக் கொட்டிலிலே பிறந்து வளர்ந்தவன் அவன். பத்திரிகை எழுப்பிய வினாவும் அவன் எழுப்பிய வினாவும் ஒன்று போலத் தோன்றினும், இரண்டும் ஒன்றல்ல. வீடுடையோன் கேட்கும் பொழுது அது ஏளனம். அவ்வேளனத்தினால் இலண்டனின் ஏழையொருவனுக்கேனும் ஒரு வேளை உணவு கிடைத்ததில்லை. வீடற்றவன் கேட்கும் பொழுது அது நியாயமான வழக்கு. அவ்வழக்கிற்கு மறுமொழி கூறாது சீவகாருண்யம் பேசுவோர் வெறுங் கருணை விளம்பரஞ் செய்வோரேயாவர்.

மறுமொழியை வரலாற்றிலேதான் தேடுதல் வேண்டும். விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கம் 1824இல் இலண்டனிலே நிறுவப்பட்ட பொழுது அதில் முன்னின்றவர்களுள் வில்பர்ஃபோஸ் ஒருவர். ஆபிரிக்க மக்களை அடிமைகளாக விற்கும் வாணிபத்தை 1807இல் சட்டத்தால் ஒழிப்பதற்குப் பல்லாண்டு போராடியவரும் அவரே. நமது இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், பெற்ற தாயாற் கைவிடப்பட்டுப் பசுவொன்றின் பாலால் உயிர் தரித்தவன். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவித்தமைக்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்ட அவனே, பின்னர் மதுரையில் இரந்து பெற்ற உணவைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் ஊட்டினான். பசுவை அவிழ்த்த கையும் சோறிட்ட கையும் வேறு வேறல்ல. நாய்க்கு இரங்குவதனால் மனிதனுக்குரிய இரக்கம் குறைந்து போகும் என்பார் கூற்று இதனாற் பொய்யாகின்றது.

எனினும், அவ்வில்லத்தின் பிற்கால வரலாற்றை நோக்குவோர் வெறும் புகழுரையோடு அமைதல் இயலாது. ரீல்பி 1865இல் மறைந்தார். 1867இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, இலண்டன் தெருக்களிற் கட்டுப்பாடின்றித் திரியும் நாய்களைப் பிடிக்கவும், உரியவர் மூன்று நாட்களுள் வாராவிடின் அவற்றை விற்கவோ கொல்லவோ பொலிசாருக்கு அதிகாரம் அளித்தது. அயலவரின் முறைப்பாடு காரணமாக 1871இல் இல்லம் பற்றர்சீ என்னுமிடத்திற்குப் பெயர்ந்தது. பொலிசார் பிடித்த நாய்கள் அங்கே வந்து குவிந்தன. உரியவர் தேடி வந்தவை வீடு திரும்பின, விலைபோகக் கூடியவை விற்கப்பட்டன, எஞ்சியவை கொல்லப்பட்டன. 1883 முதல் பூனைகளும் ஏற்கப்பட்டன. 1884இல் ரிச்சர்ட்சன் என்னும் மருத்துவர், நச்சுவாயுவினால் வலியின்றிக் கொல்லும் அறையொன்றை அங்கு அமைத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டில் விக்ரோரியா மகாராணியாரே இல்லத்தின் போஷகரானார். பட்டினியாற் சாகும் நாயைக் காக்கவெனத் திறந்த கதவு, பட்டினியின்றிச் சாவதற்குரிய கதவாகவும் மாறிற்று.

இதற்கு அங்கிருந்தோரின் கன்னெஞ்சத்தைக் காரணங் காட்டுதல் எளிது. ஆனால் அது பொருந்தாது. நாளாந்தம் வந்து சேரும் நாய்களின் தொகையோ மிகப் பெரிது, இடமோ சிறிது. அவை தெருவுக்கு வருவது எதனால் என்ற வினா எழுப்பப்படாத வரையில், எத்துணை அன்புடையோர் நடத்தினும் எந்த இல்லமும் இக்கதியையே அடையும். 1939 செப்ரெம்பரில் போர் மூண்ட முதல் வாரத்தில் மட்டும், இலண்டனில் ஏறத்தாழ 4,00,000 நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் எழுதியுள்ளார். அவை தெருவிற் திரிந்தவையல்ல. வீடுகளிலே செல்லமாக வளர்க்கப்பட்டவை. குண்டு ஒன்றேனும் விழுமுன்னரே, அச்சங் காரணமாக உரியவர்களே அவற்றைக் கொல்லக் கொடுத்தனர்.

போரையும் வளர்ப்புப் பிராணியையும் பற்றி நமக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டுவதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்த பொழுது யான் தாயின் இடுப்பில் இருந்த சிறுவன். எங்கள் நாய் நாவற்குழிப் பாலம் வரை பின்தொடர்ந்தது என்றும், அதன் பின் சனநெரிசலிற் காணாமற் போனது என்றும் அம்மா கூறுவார். அன்று வீட்டை இழந்தவர் யாவரும் மனிதர் மட்டுமல்லர். நாயை வீடற்றதாக்கியதும் எங்களை வீடற்றோராக்கியதும் ஒரே இரவுதான்.

அன்னியர் ஆட்சியிலே 1893இல் இயற்றப்பட்ட நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம், உரியவரற்ற நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை இலங்கையிலும் நிலைநாட்டிற்று. சுதந்திரத்தின் பின்னரும் அம்முறை நீடித்தது. 1973இல் இந்நாட்டில் 350க்கு மேற்பட்டோர் நீர்வெறுப்பு நோயால் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை 30 அளவிற்கு வீழ்ந்துள்ளது. நாய்களுக்குப் பரவலாக ஏற்றப்பட்ட தடுப்பூசியும் கடியுண்டோர்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சையுமே இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணங்கள். 2006 முதல், கொல்லுவதை விடுத்துக் கருத்தடையையும் தடுப்பூசியையும் வழியாகக் கொள்ளுதல் அரசின் கொள்கையாயிற்று. பிராணியைக் காக்கும் வழியே மனிதனையும் காக்கின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் கொள்கை வேறு, ஊர் வழக்கம் வேறு. எங்கள் சந்தை வாசலிலே விடியற்காலையில் அட்டைப்பெட்டிக்குள் நாய்க்குட்டிகள் கிடப்பதை இன்றுங் காணலாம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெட்டைகள். கடுவன் குட்டிகள் வீட்டிலே தங்கிவிட, பெட்டைகள் தெருவுக்கு வருகின்றன. நமது சமுதாயம் வேறெங்கோ கற்ற பாடத்தையே நாய்க்குட்டியிடமுங் காட்டுகின்றது என எண்ணத் தோன்றுகின்றது.

'கட்டாக்காலி' என்னுஞ் சொல்லைச் சற்றே சிந்திப்போமாக. காலி என்பது மாடு. கட்டப்படாத மாடு கட்டாக்காலி. அச்சொல் விலங்கின் இயல்பைக் கூறவில்லை. அதனைக் கட்டி வைத்து உணவிட வேண்டியவன் ஒருவன் எங்கோ இருக்கின்றான் என்பதையே கூறுகின்றது. ஆகவே, ஊர்தோறும் இல்லம் அமைக்க முனைவோரை நாம் வரவேற்போம். ஆனால், இல்லத்துடன் அமைந்துவிடாதிருப்போம். கருத்தடைச் சிகிச்சை ஏழையின் வளவுக்கும் இலவசமாக வந்து சேர்தல் வேண்டும். தடுப்பூசி ஆண்டுதோறுந் தவறாது ஏற்றப்படல் வேண்டும். குட்டியைத் தெருவிலே விடுபவன் பொறுப்பேற்றல் வேண்டும். இவற்றைக் கேட்கும் அதே வாயால், என் மாணவன் குடும்பத்திற்கு ஒரு கல்வீடு வேண்டும் என்பதையும் உரத்துக் கேட்போம்.