ஒரு நடை பெட்ரோல்

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணைக்கு எழுந்தருளுவார். ஆற்று மணல் கொள்ளாமல் கடைகளும் ராட்டினமும் ஜனமுமாக இருக்கும். மறுநாள் பார்த்தால் சக்கைகளும் காலடித் தடங்களும்தான் மிச்சம். அப்படி ஒரு மறுநாள் காலையில்தான் என் வண்டியை முதன்முதலாக மணலில் இறக்கினேன்.

வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. டேங்க் 13 லிட்டர். தார்ச்சாலையில் லிட்டருக்கு 41 கிலோமீட்டர் தந்துகொண்டிருந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது வந்த வெள்ளம் ஆற்றைப் புரட்டிப் போட்டிருந்தது. பழைய மேடு பள்ளமாகி, பள்ளம் மேடாகியிருந்தது. பின்சக்கரம் மணலைத் தோண்டி எறிகிறது, என்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. அரை மணி நேரம் போராடியதில் ஓடோமீட்டரில் ஏறியது மூன்று கிலோமீட்டர். அந்த அரை மணி நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்குப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அடுத்த மாதம் மலையில் நடந்தது நடந்திருக்காது.

மாசியில் ஒரு காலை கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். டேங்க்கில் பாதி இருந்தது. ஆறரை லிட்டர், நாற்பத்தொன்றால் பெருக்கினால் 266 கிலோமீட்டர். அடிவாரம் அறுபது, மலை ஏற்றம் முப்பது, மேலே காட்டுத் தடங்களில் ஒரு நாற்பது. திரும்பி வந்தாலும் 220ஐத் தாண்டாது. கணக்கு கச்சிதமாக இருந்ததால் வழியில் எந்த பங்க்கிலும் நிறுத்தவில்லை.

மூங்கில்துறைப்பட்டு வரை கரும்பு வயல்கள்தான். ஆறு வலப்புறம் எங்கோ மறைவாக வந்துகொண்டிருக்கும், ஈரக் காற்றில் தெரியும். அங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. வெட்டு காலத்தில் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகவேண்டும். கரும்பு இப்போது நம் டேங்க்குக்குள்ளும் வந்துவிட்டது. பங்க்கில் நாம் நிரப்புவது எத்தனால் கலந்த பெட்ரோல். 2022இல் பத்து சதவீதத்தை எட்டிய கலப்பு இப்போது இருபதுக்கு வந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கலவைக்கென்று வடிவமைத்த இருசக்கர வண்டிகளில் இருபது சதவீதக் கலப்பால் மைலேஜ் மூன்று நான்கு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. நாற்பத்தொன்றில் அது ஒன்றரைக் கிலோமீட்டர்தான். பேசிப் பேசி இதைப் பெரிதாக்குகிறோம் என்பது என் எண்ணம். மலையில் மைலேஜை விழுங்குவது வேறொன்று.

சங்கராபுரம் தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கு மேலே சாலை வளையத் தொடங்கும். வெள்ளிமலைக்கு ஏறுவது ஏறத்தாழ 600 மீட்டர் உயரம். வண்டி, நான், பை எல்லாம் சேர்த்து 240 கிலோ. இவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று பள்ளிக்கூட இயற்பியலை வைத்துப் பின்னால் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 14 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது. அதில் கால் பங்கைத்தான் என்ஜின் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும், மிச்சம் சூடாகப் போய்விடும். அப்படியானால் முழு மலையையும் ஏற 180 மில்லி போதும். இரண்டு டீ கிளாஸ்கூட நிறையாது! விடை தப்போ என்று மறுபடி போட்டேன். தப்பில்லை. மலை ஏறினால் வண்டி நிறையக் குடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே, ஏற்றம் தன் பங்குக்குக் கேட்பது அவ்வளவுதான். இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டால் இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெட்ரோலையே நிறுத்திவிடுவதால் அதிலும் கொஞ்சம் திரும்பக் கிடைத்துவிடும்.

குடிப்பது தடம். வெள்ளிமலையை விட்டு இன்னாடு பக்கம் திரும்பி, தார் முடிந்து செம்மண்ணும் உருண்டைக் கல்லுமான பாதையில் வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாகவே நகர்கிறது. என்ஜினுக்குக் கிலோமீட்டர் தெரியாது, சுற்றுதான் தெரியும். அதே சுற்றுக்கு டாப் கியரில் போகும் தூரம் முதல் கியரில் போவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. போதாததற்குக் கல்லில் பிடிமானம் வேண்டும் என்று டயரில் காற்றை இறக்கியிருந்தேன். பட்டன் டயர் வேறு. பாதி கிளட்ச் பிடித்தே ஏறவேண்டிய மேடுகள். நாற்பது கிலோமீட்டர் சுற்றுவதாக நினைத்தது, ஓர் ஓடையைத் தாண்டமுடியாமல் வேறு வழி தேடியதில் எழுபத்தைந்தாகிவிட்டது. பெட்ரோல் குறைந்ததைக் காட்டும் விளக்கு எரிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. என் மனதில் இருந்தது இன்னும் அந்த நாற்பத்தொன்றுதான்.

இப்படிக் காட்டுத் தடங்களில் ஓடும் எண்டியூரோ வண்டிகளைப் பற்றிப் பேசும்போது எவரும் முதலில் கேட்பது, மைலேஜ் எவ்வளவு? அடுத்தது, டேங்க் எவ்வளவு? கேடிஎம் 390 எண்டியூரோ ஆர் 9 லிட்டர். கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 7.6. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 என்றால் 17. சின்ன டேங்க்கைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். எண்டியூரோ என்பதே பந்தயத்திலிருந்து வந்த பெயர். அங்கே இடையிடையே நிரப்பிக்கொள்ள இடம் வைத்திருப்பார்கள், எடைதான் எதிரி. பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ. அதுவும் வண்டியின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கீழே சாய்ந்த வண்டியைச் சரிவில் தனியாகத் தூக்கியவருக்கு ஐந்து லிட்டரின் கனம் என்னவென்று தெரியும். டக்கார் போன்ற பாலைவன ராலிகளின் வண்டிகள் இதற்கு நேர்மாறு. அந்தப் பந்தய வண்டிகள் ஒரே நிரப்பலில் 250 கிலோமீட்டர் ஓடியாகவேண்டும், அதற்காக முப்பது லிட்டருக்கு மேல் சுமக்கின்றன. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். மணலில் லிட்டருக்கு என்ன தரும் என்பதை அந்தப் பந்தயம் நடத்துகிறவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

நானோ ஆற்று மணலில் பார்த்ததையே மறந்திருந்தேன்.

ஒரு செங்குத்து மேட்டின் நடுவில் வண்டி இருமியது, நின்றது. பின்னோக்கி உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்தால் ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி மேட்டில் நிற்கிறது. மூன்றாம் முறை நான் முயலவில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அதற்குக் குளிர்ச்சியும் அந்தப் பெட்ரோல்தான். காய்ந்த டேங்க்கில் ஓட்டினால் பம்ப் கெடும். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ரிசர்வ் திருப்பலாம்.

பக்கத்து மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய டிவிஎஸ் எக்ஸ்எல் வரப்பில் நின்றது. ஒன்றும் கேட்காமல் என் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். காதை டேங்க்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“அரை லிட்டருக்கு மேல கெடக்கு தம்பி. மேட்டுல எட்டல, பின்னால ஓடிப்போவுது” என்றார்.

பிற்பாடு கணக்குப் போட்டதில் முக்கால் லிட்டர் இருந்திருக்கவேண்டும் என்று வந்தது.

“கச்சிராயபாளையம் போகணுங்க ஐயா. எவ்வளவு வேண்டியிருக்கும்?”

“ஒரு நடைக்கு ஊத்துனா போயிடலாம். எறக்கம்தான.”

அவர் கிலோமீட்டரும் சொல்லவில்லை, லிட்டரும் சொல்லவில்லை. வெள்ளிமலைக்குப் போய் வந்தால் ஒரு நடை. மரவள்ளி மூட்டையோடு போனால் அது வேறு நடை. மழைக்காலத்து நடை தனி, அதற்குக் கூடுதலாக ஊற்றவேண்டும். பாதையும் பாரமும் பருவமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. சாலைகள் இங்கே பிந்தித்தான் வந்தன, பல ஊர்களுக்கு இன்னும் வந்துசேரவில்லை. அப்படிப்பட்ட பாதையில் வாழ்நாளெல்லாம் போய்வந்தவர்களின் அளவை, நான் வகுத்த நாற்பத்தொன்றைவிட எல்லாவிதத்திலும் நுட்பமானது. அதன் பிறகு நான் லிட்டருக்கு எத்தனை என்று எழுதி வைப்பதில்லை. என் குறிப்பேட்டில் இப்போது இருப்பவை ‘இன்னாடு தடம், காய்ந்த காலம், இரண்டு பேர்’ என்பது மாதிரியான வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கிளம்பும்போது நிரப்பி, திரும்பியதும் நிரப்பிப் பார்த்த லிட்டர் அளவு.

வீட்டுக்கு அழைத்துப்போனார். கூரை எரவாணத்துக்கு வெளியே, அடுப்புக்கு எட்டாத மூலையில், இரண்டு தண்ணீர் பாட்டில்கள். அடிவாரம் போய் நிரப்பி வரும்போதெல்லாம் எக்ஸ்எல் டேப்பைத் திறந்து அதில் பிடித்து வைத்துக்கொள்வாராம். ஒன்றை எடுத்தார். பேரப்பிள்ளையின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டினார். நீல மையில் எழுதிய வாய்ப்பாடு வெளிப்பக்கம் தெரிந்தது. ஒரு சொட்டு தரையில் விழாமல் ஊற்றினார். தாளில் ஊறியதைக்கூட டேங்க் வாயில் உதறிவிட்டுத்தான் எடுத்தார்.

பங்க் விலையைக் கணக்காக வாங்கிக்கொண்டார். கூடக் கொடுத்ததைத் திருப்பித் தந்தார்.

“காசு கெடக்கட்டும். அடுத்த தடவ வந்தா பெட்ரோலா குடுத்துட்டுப் போ. மருமவளுக்கு எட்டாம் மாசம். ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்குந்தான் வரும். அதுவரைக்கும் நாமதான் கொண்டுபோய் விடணும். ராத்திரில பெட்ரோலுக்கு எங்க போவ?”

வாங்கிய பெட்ரோலை அப்போது திருப்பி இறக்க வழியும் இல்லை. இன்னொரு பாட்டில் இருக்கிறதே என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

இறக்கத்தில் வண்டியைக் கியரில் விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வந்தேன். கச்சிராயபாளையத்தில் டேங்க்கை நிரப்பச் சொன்னபோது மீட்டர் 12.1இல் நின்றது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். தார்ச்சாலையில் ஒன்றரை லிட்டர், மலைச்சாலையில் ஒன்று, காட்டுத் தடத்தில் மூன்றேகால். தடத்தில் லிட்டருக்கு 23 கிலோமீட்டர்தான் வந்திருக்கிறது. சாலையில் தந்ததில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதி எங்கே போனது என்று இப்போது எனக்குத் தெரியும். அது யாருடைய எரவாணத்து மூலையிலிருந்து ஈடுகட்டப்பட்டது என்பதும் தெரியும். அன்று இரவு தூங்கவில்லை.

நான்காம் நாள் மணலூர்பேட்டையிலேயே டேங்க்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். பாட்டிலில் பெட்ரோல் பிடிக்க பங்க்கில் விடமாட்டார்கள் என்பதால் மெக்கானிக் அண்ணனிடம் ஒரு முழத்துக்கு ரப்பர் டியூப் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அவரிடமே ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டச் சொன்னேன். உள்ளங்கை நிறையச் செம்மண் கொட்டியது.

பெரியவர் கொல்லையில் இருந்தார். மருமகள் திண்ணையில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என் வண்டியை மேட்டுப்பக்கம் ஏற்றி, எக்ஸ்எல்லைத் தாழ்வில் நிறுத்தி, டியூப் வழியாக இறக்கினோம். முதலில் காலியாக இருந்த பாட்டில், பிறகு அவருடைய டேங்க். “போதும் தம்பி, போதும்” என்று அவர் சொன்ன பிறகும் கொஞ்சம் விட்டேன். மூடியைத் திருகிவிட்டு எக்ஸ்எல்லின் ஹேண்டில்பாரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

சத்தமே வரவில்லை.