ஃப்ரிட்ஜ், அம்மா, ஐநூறு யூனிட்

இன்னைக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்.

கதை நடந்தது 2024 மே மாசம், மதுரையில. வீட்டிலிருந்தே வேலைன்னு ஏப்ரல்ல பெட்டியைக் கட்டிட்டு ஊருக்கு வந்திருந்தேன். மே ரீடிங் 538 யூனிட். பில் 2250 ரூபாய் சொச்சம். அம்மா அந்த கார்டைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசவே இல்லை.

அப்போதைய கணக்கு தெரியாதவங்களுக்கு: ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா ஒரு விலைப்பட்டியல், ஒரு யூனிட் தாண்டினாலும் வேற பட்டியல். 101லேர்ந்து 200 வரைக்குமான 2.25 ரூபாய் விலை காணாமப் போயிடும். 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 501க்கு 1958. அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 233 ரூபாய்!

மறுநாளே சொந்தக்காரங்க வாட்ஸப் குழுவிலிருந்து அம்மாவுக்கு வைத்தியம் வர ஆரம்பிச்சுது. காலி இடத்துல தண்ணி பாட்டில் அடுக்கு. ஃப்ரீசர்ல உப்பு வை. ராத்திரி ஃப்ரிட்ஜை அணைச்சுடு. கடைசி வைத்தியம் அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பதினொரு மணிக்கு அணைச்சு, பால்காரர் வர்ற அஞ்சு மணிக்குப் போடுவாங்க. யார்கிட்டயும் சொல்லலை.

எனக்குத் தெரிஞ்சது எப்படின்னா, ஒரு நாள் காலையில மோர் குடிக்கத் திறந்தா தயிர் சுள்ளுனு புளிச்சிருக்கு. கதவுத் தட்டுல அப்பாவோட இன்சுலின் பெட்டி. அதைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லுனு இல்லை. திறக்காத இன்சுலின் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறைஞ்சும் போகக்கூடாது. அன்னைக்கு ராத்திரி உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வச்சேன். காலையில 13 காட்டுச்சு.

கோபத்துல கத்திட்டேன். "நாலு காசு மிச்சம் பண்ணப்போய் அப்பாவுக்கு ஏதாவது ஆனா?"ன்னு. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கினோம்.

அப்புறம்தான் இஞ்சினியர் புத்தி வேலை செஞ்சுது. ப்ளக்குக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கினேன். பன்னெண்டு வருஷத்து ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ். ஒரு நாளைக்கு 1.5 யூனிட். அம்மா பாணியில ராத்திரி அணைச்சா 1.4. அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் குளிரை உற்பத்தி பண்றதில்லை, உள்ளே இருக்குற சூட்டை வெளியே கடத்துது. ராத்திரி பூரா உள்ளே நுழைஞ்ச சூட்டை காலையில கம்ப்ரஸர் மூச்சுவாங்க ஓடி வெளியே தள்ளியாகணும். அறுபது நாளைக்கு மிச்சம் 6 யூனிட். அதுக்கு ஒரு பெட்டி இன்சுலின் பலி.

தண்ணி பாட்டில் அடுக்கினதுல மீட்டர் அசையவே இல்லை (கரண்ட் போனா கொஞ்ச நேரம் குளிரைத் தாங்கும், அது உண்மை). உப்பு வைத்தியத்தை நான் சோதிக்கவே இல்லை, மன்னிச்சுக்குங்க :-)

ஆனா அம்மா வருஷக்கணக்கா பண்ற ஒண்ணு இருக்கு. சாம்பார் குண்டானை தாம்பாளத் தண்ணியில வச்சு நல்லா ஆறவிட்டுத்தான் உள்ளே வைப்பாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூணு லிட்டர் சாம்பார் 80 டிகிரியில உள்ளே போறதுக்கும் 35ல போறதுக்கும் கிட்டத்தட்ட 0.1 யூனிட் வித்தியாசம். ராத்திரி அணைக்கிறதுல மிஞ்சுறது அளவுக்கு, யாருக்கும் ஆபத்தில்லாம! சொன்னப்ப அம்மா முகத்துல அன்னைக்குத்தான் சிரிப்பு வந்துச்சு.

மத்தபடி, குமிழை கோடைக்காலம்னு 5ல வச்சிருந்தாங்க, 3க்குக் கொண்டுவந்தேன். தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டுச்சு, போதும். சுவரோட ஒட்டிக்கிட்டிருந்ததை அரை அடி முன்னால இழுத்து, பின்னாடி கம்பிச்சுருள்ல இருந்த ஒட்டடையைத் தட்டினேன். கதவு ரப்பர்ல பத்து ரூபா நோட்டைச் செருகி இழுத்தா கீழ்மூலையில சும்மா வழுக்கிட்டு வந்துச்சு. ரப்பரை மாத்தினோம். எல்லாம் சேர்ந்து 1.2.

சரி, அறுபது நாளைக்கு 18 யூனிட் மிச்சம். ஆனா மேல இருக்கிறது 38 ஆச்சே? முழு ஃப்ரிட்ஜுமே 90 யூனிட்தான், 538ல. அப்போதான் போன வருஷத்து கார்டை எடுத்துப் பார்த்தேன். அதே மாசம் 370. ஃப்ரிட்ஜ் போன வருஷமும் இருந்துச்சு. புதுசா வந்தது நானும், என் ரூமுக்கு நான் வாங்கி மாட்டின ஏசியும். 22ல வச்சு, போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்குற ஆள் நான்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன. நீ ராத்திரி ஒரு மணி வரைக்கும் வேலை பார்த்துட்டு வந்து தூங்குற. அதைப் போய் அணைடான்னு சொல்லுவாங்களா?"

பதில் சொல்லத் தெரியலை. ஏசியை 26க்கு ஏத்தி, ஃபேனையும் போட்டுக்கிட்டேன். ஜூலை ரீடிங் 471.

ஃப்ரிட்ஜ் ஸ்விட்ச் மேல செலோடேப் ஒட்டி வச்சிருக்கேன். அதுக்கு மேல அம்மா குங்குமம் வச்சிருக்காங்க, எதுக்குன்னு கேட்கலை.