முறத்தளவு இலை

பூனை இருக்கும் வீட்டில் பெரிய செடி வைத்தால், வீட்டுக்காரன் பாடு மாமியார் மருமகளுக்கு நடுவே அகப்பட்டவன் பாடுதான். யார் பக்கம் பேசினாலும் வம்பு.

எங்கள் வீட்டுச் செடிக்கு மான்ஸ்டெரா என்று பெயர். தெற்கு மெக்ஸிகோவிலிருந்து பனாமா வரை மழைக்காடுகளில் மரம் பற்றி ஏறும் கொடி. இங்கே மரத்துக்கு எங்கே போவது? தென்னை நார் சுற்றிய கழி ஒன்று நட்டிருக்கிறது. இலை முறத்தளவு. இளம் இலையில் ஓட்டை இருக்காது; செடிக்கு வயது ஏற ஏற ஓட்டையும் கிழிசலும் விழும். அதையே அழகு என்கிறார்கள். நம் விஷயத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

காலமான என் அத்தான் ஒரு சாண் தண்டிலிருந்து வளர்த்தது அது. அக்கா, மகனோடு பெங்களூருக்குப் போனபோது அழாமல் ஒப்படைத்துவிட்டுப் போனது இந்தச் செடி ஒன்றைத்தான். பூனையோ என் மகளுடைய பிராணன்.

ஒரு நாள் மாலை பூனை இலைக்காம்பைக் கடித்துவிட்டது. வாயெல்லாம் எச்சில், முன்னங்காலால் முகத்தைப் பிராண்டிக்கொண்டு கட்டிலடியில் புகுந்துகொண்டது. "அப்பா, செத்துடுமாப்பா?" என்றாள் மகள்.

கால்நடை வைத்தியர் வாயைக் கழுவிவிட்டார். காம்பிலும் இலையிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஊசியாக இருக்கிறதாம். கடித்தால் வாயிலும் நாக்கிலும் குத்தும்.

"சேப்பங்கிழங்கு நறுக்கினா கை அரிக்குதே, அதுதானே?" என்றாள் என் மனைவி.

அதேதான். சேம்பு, சேனை, மான்ஸ்டெரா மூன்றும் ஒரே குடும்பம். உயிருக்கு ஆபத்து அபூர்வம். தொண்டை வீங்கி மூச்சுத் திணறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "வீட்டில் லில்லிப் பூ உண்டா?" என்றும் கேட்டார். பூனைக்கு எமன் அதுதானாம். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். நல்லவேளை, எங்கள் வீட்டில் மல்லிகையோடு சரி.

"செடியை யாருக்காவது கொடுத்திடுங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவிடம் அதை எந்த வாயால் சொல்வது?

கடைசியில் செடி என் எழுதும் அறைக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சம் உண்டு, உச்சி வெயில் இல்லை. விரலை மண்ணில் விட்டு, இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் தண்ணீர். ஞாயிறு தோறும் ஈரத்துணியால் இலை துடைப்பு. பூனைக்குக் கூடத்தில் ஒரு தொட்டி அறுகம்புல். ஆனாலும் அதற்கு வேண்டியது என் அறைதான். சாத்திய கதவைப் பிராண்டிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கட்டுரையையும் அந்தச் சத்தத்தில்தான் எழுதுகிறேன்.

நேற்று அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். என் சௌக்கியத்தை விசாரிக்கவில்லை.

"புது இலை விட்டிருக்காடா?"

"விட்டிருக்கு அக்கா. ஏழு ஓட்டை."

"எட்டு இருக்கும். நல்லா எண்ணிப் பாரு" என்றாள்.